சித்திரையில் பூக்கும் ஏரிக்கரைகள்: செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை

சித்திரை பிறந்துவிட்டால் மலர் பார்க்க உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்கள் ஏராளம். உதகையில் 1896-ஆம் ஆண்டு தொடங்கிய மலர்க் காட்சி இன்றும் மே மாதத்தில் நடைபெற்று வருகிறது. வசதியுள்ளவர்கள் போய் வரட்டும். அதே பருவத்தில், யாரும் தொட்டியில் வைத்து வளர்க்காமல், நுழைவுச் சீட்டும் இல்லாமல், செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிக்கரைகளில் ஒரு மலர்க் காட்சி நடக்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாட்கள் போதும். கார் இருந்தால் நல்லது. மோட்டார் சைக்கிளும் போதும். பஸ்ஸில் போகிறவர்கள் சில இடங்களில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும். அதுவும் நல்லதுதான், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகிறவர் கண்ணுக்குக் கொன்றை வெறும் மஞ்சள் கோடாகத்தான் தெரியும்.

சமவெளி மரங்களில் பல வெயில் காலத்தில்தான் பூக்கின்றன. மாசி, பங்குனியில் இலையை உதிர்த்துவிட்டு, தளிரும் பூவுமாகச் சித்திரையில் நிற்கும். அந்தச் சமயத்தில் பூச்சிகளும் தேனீக்களும் உணவு தேடி அலையும். பூ கண்ணில் நன்றாகப் படுவதற்கு இலை குறைவாக இருப்பதும் உதவுகிறது. ஏரியும் அப்போது வற்றி, உள்வாய் வரை நடந்து பார்க்கும்படி இருக்கும். உழவர் குடும்பங்கள் இந்தப் பயணத்தை மேற்கொள்ள வேண்டும் என்று சொல்வதற்கு இதுதான் முக்கியக் காரணம். ஏரியில் எந்தப் பூ அதிகமாகத் தெரிகிறதோ அதை வைத்து அந்த ஏரியின் உடல்நிலையைச் சொல்லிவிடலாம். சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்வதற்குத் தோதான காலமும் இந்த இரண்டு மாதங்களே.

பெயரில் உள்ள பூ

பயணத்தைச் செங்கல்பட்டிலேயே தொடங்கலாம். செங்கழுநீர்ப்பட்டு என்ற பெயர்தான் செங்கல்பட்டு என மருவியது என்பார்கள். செங்கழுநீர் என்பது நீரில் வளரும் செந்நிற ஆம்பல் இனம் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஒரு நகரம் தன் ஏரியில் பூத்த பூவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2019 நவம்பரில் தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது அந்தப் பூவின் பெயர் மாவட்டத்திற்கும் ஆயிற்று. ரயிலில் செங்கல்பட்டை நெருங்கும்போது ஜன்னல் வழியே விரிந்து தெரியும் நீர்ப்பரப்பு கொளவாய் ஏரி. விடியற்காலை ஆறு மணிக்குள் அதன் கரைக்குப் போய்விட வேண்டும். செவ்வாம்பலும் வெள்ளாம்பலும் இரவில் விரிந்து, வெயில் ஏறியதும் கூம்பிவிடும் தன்மையுடையவை. ஒன்பது மணிக்குப் போனால் மொட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஆனால் பல ஏரிகளில் இன்று போய் நிற்பவர் கண்ணில் முதலில் படுவது ஆம்பல் அல்ல, ஊதா நிறப் பூங்கொத்து. ஆகாயத்தாமரை. பார்ப்பதற்கு அழகான பூ. மேலிதழில் மயில் தோகைக் கண் போல ஒரு மஞ்சள் புள்ளி இருக்கும். தென் அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்திற்கு வந்து, அங்கிருந்து நாடெங்கும் பரவியது. கழிவுநீர் கலக்கும் ஏரி இதற்கு மிகவும் பிடித்த இடம். கழிவில் உள்ள தழைச்சத்தையும் மணிச்சத்தையும் உண்டு, ஏற்ற சூழ்நிலையில் இரண்டு வாரத்தில் தன் பரப்பை இரட்டிப்பாக்கிக் கொள்ளும். கொளவாய் ஏரியில் நகரக் கழிவுநீர் சேர்வதும் ஆகாயத்தாமரை படர்வதும் பலமுறை செய்தியானவை. அண்மை ஆண்டுகளில் அங்கே தூர்வாரும் பணிகளும் நடந்தன. கழிவுநீர் வரும் வாயை அடைக்காமல் செடியை மட்டும் வாரினால் அடுத்த ஆண்டும் வார வேண்டியிருக்கும்.

இந்தப் பூவைச் சற்று உற்றுப் பாருங்கள். மலர்ந்த ஓரிரு நாளில் பூங்கொத்து வாடும். வாடியதும் காம்பு வளைந்து தலையைத் தண்ணீருக்குள் விட்டுக் கொள்ளும். விதை நீருக்குள்ளேயே முற்றிச் சேற்றில் விழும். அந்த விதை 15, 20 ஆண்டுகள் வரை சேற்றில் முளைக்கும் திறனோடு கிடக்கக்கூடியது. எனவே ஆகாயத்தாமரையை வாருவதானால் பூக்கும் முன் வார வேண்டும். பூத்து முடிந்த பிறகு வாரிக் கரையில் குவித்தால் செடி காய்ந்துவிடும், விதை ஏரியிலேயே தங்கிவிடும்.

1980-களில் தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கூன்வண்டுகளைப் பெங்களூரில் வளர்த்து இந்தக் களையின் மீது விட்டார்கள். ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் இடங்களில் அவை நல்ல பலன் கொடுத்தன. கோடையில் வற்றிவிடும் நம் ஏரிகளில் வண்டு நிலைத்துப் பெருகுவது கடினம். இங்கு ஆட்களும் இயந்திரமும்தான் வழி. வாரிய செடியைச் சாணக் கரைசலுடன் அடுக்கி மக்கவைத்தால் சாம்பல்சத்து மிகுந்த கம்போஸ்ட் கிடைக்கும். ஆனால் ஊர்க் கழிவும் தொழிற்சாலைக் கழிவும் கலக்கும் ஏரியின் ஆகாயத்தாமரை தண்ணீரில் உள்ள கன உலோகங்களையும் சேர்த்து உறிஞ்சி வைத்திருக்கும். அத்தகைய கம்போஸ்ட்டைக் கீரைக்கும் காய்கறிக்கும் இடக் கூடாது.

வேடந்தாங்கலில் பறவை போன பிறகு

கொளவாயிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே திரும்பி, மாமண்டூர் அருகே பாலாற்றைக் கடந்து, படாளத்தில் மேற்கே பிரிந்தால் வேடந்தாங்கல். வெயில் ஏறுவதற்கு முன் அங்கு போய்ச் சேர்வது நல்லது. பறவைகளுக்காகக் கார்த்திகை முதல் மாசி வரை கூட்டம் நெரியும் ஊர் இது. சித்திரையில் பெரும்பாலான பறவைகள் போய்விட்டிருக்கும், கூட்டமும் இராது. சரணாலயத்துக்குள் நுழையும் நேரத்தை வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக் கொள்ளவும்.

பறவைகள் கூடு கட்டிய மரங்களில் பல நீர்க்கடம்பு. கடப்ப மரம் என்றும் சொல்வார்கள். முருகனுக்கு உகந்ததாகச் சொல்லப்படும் கடம்பு வேறு, இது வேறு. மாதக்கணக்கில் இடுப்பளவு நீரில் நின்றாலும் அழுகாத மரம் இது. கோடையில் கிளைதோறும் முழ நீளத்துக்குச் சரம் சரமாகத் தொங்கும் சிவப்புப் பூ. இரவில் மலர்ந்து விடியலில் உதிர்ந்துவிடும். காலையில் மரத்தடியைப் பார்த்தால் செம்பட்டுப் பாய் விரித்தது போலிருக்கும். மரத்தில் பூவைக் காண வேண்டுமென்றால் மிகவும் முன்னதாகவே எழுந்திருக்க வேண்டும்; தரையில் காண்பதற்குக் காலைப் பலகாரம் முடித்துவிட்டும் வரலாம்.

சுமார் 30 எக்டர் பரப்புள்ள இந்த ஏரியின் வரலாறு உழவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. பறவை எச்சம் கலந்த நீர் பயிருக்கு உரம் என்பதை இவ்வூர் மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் போய் முறையிட, 1798-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்க ஊராருக்குக் கவுல் எழுதிக் கொடுத்தார். நாட்டில் பறவைக் காப்பிடமாக அங்கீகாரம் பெற்ற மிகப் பழமையான இடங்களில் இது ஒன்று. 2022-இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. பட்டயம் எத்தனை வந்தாலும், பறவைக்குக் கூடு கட்ட மரம் வேண்டும். ஏரி உள்வாயில் மரம் நட விரும்பும் ஊராட்சிகள் நீர்க்கடம்பையும் நாட்டுக் கருவேலையும் தவிர வேறு எதையும் தேடி அலைய வேண்டியதில்லை. இரண்டும் நீரில் நிற்கும், வறட்சியையும் தாங்கும்.

மதுராந்தகம் கரையில்

அடுத்து மதுராந்தகம். மாவட்டத்தின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்று. கரையோரக் கோயிலில் இருப்பவர் ஏரி காத்த ராமர். வெள்ளத்தில் கரை உடையும் நிலை வந்தபோது ராம லட்சுமணர் வில்லேந்திக் காவல் நின்றதை ஒரு கலெக்டர் கண்டதாகச் சொல்லும் கதையை இப்பக்கம் அறியாதவர் இல்லை. அந்தக் கலெக்டரும் வேடந்தாங்கலுக்குக் கவுல் கொடுத்த அதே லயனல் பிளேஸ்தான். கதை எப்படியோ இருக்கட்டும். கரை உடைந்தால் ஆயக்கட்டு முழுவதும் போய்விடும் என்ற அச்சம் மட்டும் உண்மை. கரையைக் காக்க நம் முன்னோர் நம்பியது ராமரையும் மரங்களின் வேரையும்.

பகல் பதினோரு மணிக்கு மேல் வெயில் தாங்காது. கரையோரம் புங்க மர நிழல் பார்த்து உட்கார்ந்துவிடுங்கள். கட்டுச்சோறு கொண்டுபோயிருந்தால் அங்கேயே பிரிக்கலாம். சித்திரைப் புங்கனைப் போல நிழல் தரும் மரம் கிடையாது. பழைய இலை உதிர்ந்து, பளபளவென்று இளம் பச்சைத் தளிர் விட்டு, அதனூடே வெள்ளையும் வெளிர் ஊதாவுமாகப் பூ. பூ பொரியாக உதிர்ந்து சோற்றிலும் விழும். தலைக்கு மேல் தேனீ இரைச்சல் கேட்டுக் கொண்டே இருக்கும். கோடையில் தேனீக்களுக்குப் புங்கனும் வேம்பும் இல்லையென்றால் பட்டினிதான்.

இந்தப் பூவின் மதிப்பை உழவர் கணக்கில் பார்ப்போம். நெல் வயலுக்கு எக்டருக்கு 6.25 டன், அதாவது ஏக்கருக்கு இரண்டரை டன் பசுந்தழை இடுவது பரிந்துரை. புங்கன், வேம்பு, பூவரசு, வாகை, எருக்கு, ஆவாரை எல்லாமே தழையுரம்தான். அவற்றுள் புங்கந்தழை விரைவில் மட்கித் தழைச்சத்தை நன்கு தரக்கூடியது. நடவுக்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன்பே மிதித்துவிட வேண்டும். சொர்ணவாரிக்குத் தழை வெட்ட ஆள் வருவதும் புங்கன் பூப்பதும் ஒரே சமயத்தில் அமைந்துவிடுவதுதான் சங்கடம். இந்தச் சித்திரையில் பூத்தது அடுத்த மாசி, பங்குனியில்தான் முற்றிய காயாகும். பூத்த மரத்தை மொட்டையடித்தால் அடுத்த ஆண்டின் காய், எண்ணெய், புண்ணாக்கு எல்லாம் போயிற்று. ஒரு மரத்தில் மூன்றில் ஒரு பங்குக் கிளையை மட்டும், அதுவும் ஒரு மரம் விட்டு ஒரு மரமாகக் கழிப்பதே முறை. கம்புகட்டியும் ஊர்ப் பெரியவர்களும் கரையைத் தங்கள் கண்காணிப்பில் வைத்திருந்த காலத்தில் யாரும் சொல்லாமலே இது நடந்தது. இப்போது கரை மரம் யாருடையது என்று கேட்டால் எல்லோருடையது என்கிறார்கள். வெட்டும்போது மட்டும் அவரவருடையது.

கரையிலிருந்து ஆயக்கட்டுப் பக்கம் பார்த்தால் சம்பா அறுத்துத் தரிசாகக் கிடக்கும் வயல்களில் முழங்கால் உயரத்தில் சிறு ஊதாப் பூக்கள் தெரியக்கூடும். கொழிஞ்சி. வெயிலைப் பொருட்படுத்தாமல் தரிசில் வளரும் பசுந்தாள் உரம். மாடு விரும்பி மேயாது, ஆகையால் காவல் வேண்டாம். ஒருமுறை விதைத்துவிட்டால் உதிர்ந்த விதையிலிருந்து ஆண்டுதோறும் தானாக முளைக்கும். விதையின் மேல்தோல் கெட்டியானது. ஆற்று மணலுடன் சேர்த்துத் தேய்த்து விதைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதுமானது. ஒரு காலத்தில் தரிசு முழுக்க இந்த ஊதா நிறமாக இருந்த ஊர்களில் இன்று விதைக்கே தேட வேண்டியிருப்பதை உழவர்கள்தான் மாற்ற வேண்டும். கொழிஞ்சி பூத்து நிற்கும் வயலைக் கண்டால், உரியவரிடம் கேட்டு, முற்றிய நெற்றில் ஒரு கைப்பிடி வாங்கி வாருங்கள்.

மாலை வெயில் தாழ்ந்த பிறகு கரையில் நடந்தால் வாகைப் பூ மணக்கும். வழியில் சரக்கொன்றை இருந்தால் சற்று நின்று கவனியுங்கள். தேனீயைவிடப் பெரிய கருவண்டு ஒன்று பூவைப் பிடித்துக்கொண்டு உடலை அதிர வைத்து இரையும். அந்த அதிர்ச்சியில்தான் கொன்றையின் மகரந்தம் வெளியே கொட்டும். சாலையோரங்களில் சிவப்பாகப் பூத்திருக்கும் மயிற்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். கண்ணுக்கு நிறைவு, அவ்வளவுதான்.

ரோஜா நிறத்தில் ஒரு பகைவன்

மதகை ஒட்டியும் வரத்துக்கால்வாய் நெடுகிலும் ரோஜா நிறத்தில் புனல் வடிவப் பூக்களுடன் ஆள் உயரப் புதர் ஒன்று நிற்கும். சுற்றுலா வருகிறவர்கள் இதன் முன் நின்று படம் எடுத்துக் கொள்வதைப் பார்க்கலாம். நெய்வேலிக் காட்டாமணக்கு என்பது இதுவே. ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. பூவைப் பார்த்தாலே உறவு தெரியும். வயலில் நாம் பயிரிடும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஏரி ஓரத்தில் பறித்துச் சமைக்கும் வள்ளைக்கீரை, கடற்கரையில் படரும் அடப்பங்கொடி, இந்த நெய்வேலிக் காட்டாமணக்கு நான்கும் ஒரே இனத்துப் பங்காளிகள். நான்கிற்கும் அதே புனல் பூ. ஒன்று கிழங்கு தருகிறது, ஒன்று கீரை தருகிறது, ஒன்று மணலைப் பிடிக்கிறது, இது மட்டும் ஏரியின் கழுத்தைப் பிடிக்கிறது.

வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த செடி இது. வேலிக்கு ஆகும் என்று நட்டுப் பரப்பியவர்களும் உண்டு. ஒரு சாண் தண்டு ஈரச் சேற்றில் விழுந்தால் போதும், கணுதோறும் வேர்விட்டு எழுந்துவிடும். வரத்துக்கால்வாயில் நின்று வண்டலைப் பிடித்து மேடாக்கும். மழை பெய்தும் ஏரிக்குத் தண்ணீர் வரவில்லை என்ற புகார் வரும்போது கால்வாயில் இந்தப் பூ எவ்வளவு தூரம் தெரிகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மாடு இதைத் தொடாது. பசியால் ஆடு தின்று பழகிவிட்டால் அதையே தேடித் தின்னும். நாளடைவில் நரம்பு பாதித்து, நடை தள்ளாடி, மெலிந்து இறக்கும். கோடையில் ஆடு மேய்க்க ஏரி உள்வாய்க்கு ஓட்டுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

இதை அழிக்கக் கோடையை விட்டால் வேறு நாள் இல்லை. தண்ணீர் நிற்கையில் வெட்டினால் வெட்டிய துண்டு மிதந்துபோய் வேறிடத்தில் வேர்விடும். உள்வாய் காய்ந்திருக்கும்போது வேரோடு தோண்டி எடுத்து, காய்ந்த மேட்டில் குவித்து, முழுவதும் சருகாகும் வரை விட்டுவிட வேண்டும். களைக்கொல்லி தெளிப்பதை ஏரிக்குள் பரிந்துரைக்க மாட்டேன். அதே நீரைத்தான் ஆடுமாடும் பயிரும் மீனும் நம்பியிருக்கின்றன. இலையை மட்டும் உருவி வயலுக்குத் தழையாக இடலாம். தண்டோடு இட்டால் களையை வயலில் நட்ட மாதிரி ஆகிவிடும்.

வண்டல் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏரி வண்டலை உழவர்கள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள அரசு அனுமதி அளிக்கிறது; வட்டாட்சியரிடம் விண்ணப்பித்துப் பெறலாம். நல்ல வாய்ப்புத்தான். ஆனால் ஆகாயத்தாமரை படர்ந்திருந்த பகுதியின் மேல்சேற்றை நெல் வயலுக்கு ஓட்டினால் விதையும் சேர்ந்து வரும். காட்டாமணக்குத் தண்டு கலந்த வண்டலை வரப்பில் கொட்டினால் வரப்பிலேயே புதர் கிளம்பும். எந்த இடத்தில் எந்தப் பூ இருந்தது என்று இப்போதே பார்த்து வைத்துக்கொண்டால் எந்த இடத்து வண்டலை எடுக்கலாம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பழைய ஒன்றுபட்ட காஞ்சிபுரம் மாவட்டத்தில் அன்றைய பொதுப்பணித் துறையின் பொறுப்பில் மட்டும் 900-க்கும் மேற்பட்ட ஏரிகள் இருந்தன. ஊராட்சி ஏரிகள் தனி. 2017-இல் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கப்பட்டபோது பல இடங்களில் கரை உயர்ந்தது, மதகு புதிதானது. களை அகற்றும் வேலை ஓராண்டு செய்துவிட்டு விடக்கூடியதன்று. ஆண்டுதோறும் கோடையில் ஊரார் ஒரு வாரம் ஒதுக்கினால்தான் நிற்கும்.

கடலை நோக்கி

ஞாயிறு அதிகாலை செங்கல்பட்டிலிருந்து கிழக்கே திருக்கழுக்குன்றம் சாலை. மாமல்லபுரம் சுமார் 30 கி.மீ. தூரம். இந்த வட்டாரத்திலும் மதுராந்தகம், செய்யூர்ப் பக்கத்திலும் மார்கழி, தையில் விதைத்த தர்பூசணி சாலையோரம் குவிந்து கிடக்கும். பழம் வாங்கும்போது, தாமதமாக விதைத்த வயல் அருகில் இருந்தால் அதன் பூவையும் பாருங்கள். சிறிய மஞ்சள் பூ. பெண் பூவின் அடியில் குண்டுமணி போல ஒரு பிஞ்சு இருக்கும். ஆண் பூவில் இராது. காலையில் மலர்ந்து அன்றே முடிந்துவிடும் பூ. அந்தச் சில மணி நேரத்தில் தேனீ பலமுறை வந்து போனால்தான் காய் ஒழுங்காகத் திரளும். வருகை குறைந்தால் காய் ஒருபக்கம் கோணிப் போகும். வியாபாரி அதைத் தனியே ஒதுக்கி அடிமாட்டு விலைக்குக் கேட்பார். பூக்கும் காலத்தில் காலையில் மருந்தடிப்பவர்கள் தங்கள் விளைச்சலையே அடித்துக் கொள்கிறார்கள். தவிர்க்க முடியாத தெளிப்பை மாலையில், தேனீ கூடு திரும்பிய பிறகு வைத்துக் கொள்ளவும். ஏரிக்கரைப் புங்கனிலும் வேம்பிலும் பசியாறும் தேனீதான் தர்பூசணிக்கும் வருகிறது. ஒரு ஊரில் கரை மரங்களை வெட்டினால் பக்கத்து ஊரில் காய் கோணும்.

மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பற்றி எழுத இது இடமன்று. 1984-இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னங்களாக உள்ள அவற்றைப் பார்க்கத் தனி நாள் வேண்டும். நாம் போவது கோயிலைத் தாண்டி, ஆள் நடமாட்டம் குறைந்த மணல்மேட்டுக்கு. காலை ஒன்பது மணிக்குள் போனால் அடப்பங்கொடி பூத்திருக்கும். வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும். ஆட்டுக்குளம்பு போலப் பிளந்த இலை, ஊதா கலந்த சிவப்பில் புனல் பூ. நேற்று மதகடியில் பார்த்த பகைவனின் பங்காளி. உப்புக் காற்றையும் கொதிக்கும் மணலையும் தாங்கி, கணுதோறும் வேர்விட்டு மணலை வலைபோட்டது போலப் பிடித்து வைக்கிறது. கணுவில் வேர்விடும் அதே குணம்தான். ஏரியில் கேடு, கடற்கரையில் காவல்.

கடற்கரையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். கொடி அழிந்த இடத்தில் கோடைக் காற்று மணலை வாரி வேர்க்கடலைக் கொல்லையிலும் சவுக்கு நாற்றிலும் போடும். சவுக்கு நெட்டையாக நின்று காற்றின் வேகத்தைத் தடுக்கும். தரையோடு ஓடும் மணலை நிறுத்துவது கொடியே. இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். சவுக்கிலும் பூ உண்டு என்றால் பலர் நம்ப மாட்டார்கள். பெண் பூ சிறு சிவப்புக் குஞ்சமாகக் கிளையோடு ஒட்டியிருக்கும். மகரந்தத்தைக் காற்றே சுமந்து செல்வதால் அதற்குப் பகட்டு தேவையில்லை. மணல்மேட்டில் வண்டி ஓட்டுவதும் கொடியை இழுத்து விளையாடுவதும் வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். கொடி போன இடத்தை மீட்க விரும்புவோர் வேர்விட்ட கணுத் துண்டுகளை ஐப்பசி மழையில் நட்டால் பிடித்துக் கொள்ளும்.

வேப்பம்பூவும் வேப்பங்கொட்டையும்

இரண்டு நாளும் வழியெல்லாம் கூட வருவது வேம்பு. இதுவரை அதைப் பற்றிச் சொல்லாததற்குக் காரணம், அது எல்லா இடத்திலும் இருப்பதுதான். சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் பூ பறிக்கிறோம். கிளையை ஒடிக்காமல் மரத்தடியில் வேட்டியை விரித்து வைத்தால் உதிர்ந்த பூவே போதிய அளவு கிடைக்கும். பூவாக மரத்தில் நிற்பது ஆனி, ஆடியில் பழமாக விழும்.

யூரியாவுக்கு வேப்பம் பூச்சு இருப்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். 2015 முதல் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதும் அப்படித்தான் வருகிறது. பூச்சிக்குத் தெளிக்கும் வேப்பங்கொட்டைக் கரைசலை நாமே தயாரித்துக் கொள்ளலாம். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, 10 லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, இலையில் ஒட்டுவதற்குச் சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் என்றால் 10 கிலோ பருப்பு. நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் புகையானுக்கும் இது பரிந்துரைக்கப்படுகிறது. பூச்சி மிகுந்த பிறகு அடித்துப் பயனில்லை. தென்பட ஆரம்பித்தவுடன் அடிக்க வேண்டும்.

கொட்டை பழையதாக இருந்தால் கரைசலுக்கு வீரியம் இராது. எட்டு, பத்து மாதத்துக்கு மேற்பட்டதை வாங்க வேண்டாம். பழம் விழ ஆரம்பித்ததும் தினமும் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, காற்றோட்டமுள்ள சாக்கில் வைக்கவும். பாலிதீன் பையில் கட்டினால் பூஞ்சாணம் பிடித்துவிடும். உங்கள் ஊர் ஏரிக்கரையில் எத்தனை வேம்பு இந்தச் சித்திரையில் நன்றாகப் பூத்திருக்கிறது என்று ஊர் திரும்பியதும் ஒருமுறை நடந்து எண்ணிக் கொள்ளுங்கள். அந்த மரங்களின் அடியை வைகாசி கடைசிக்குள் முள் நீக்கிக் கூட்டி வைத்தால் ஆனியில் பொறுக்க எளிதாக இருக்கும்.